விரல்நுனி ரத்தத்தில் குளூட்டன் டெஸ்ட்: அரை மாதச் சம்பளம் போச்சு, ஏமாறாதீங்க

பணம் திரும்பக் கிடைக்காது என்று நேற்று மெயில் வந்தது. வயிற்றெரிச்சல் தாங்காமல் எழுதுகிறேன். வீட்டுக்கே கிட் அனுப்பி, எந்த உணவு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லும் ஒரு ஆன்லைன் கம்பெனி. போனது அரை மாதச் சம்பளம்.

நம்பியது அவர்கள் சாட்டில் சொன்னதைத்தான். செலியாக் என்பது கோதுமையிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தால் சிறுகுடல் பாதிக்கப்படும் நோய். "செலியாக் இருந்தால் இதில் தெரியுமா?" என்று கேட்டதற்கு, "கண்டிப்பா தெரியும். இப்போவே கோதுமையை நிறுத்திடுங்க, வயிறு சுத்தமாகட்டும்" என்று பதில். அதோடு விரலைக் குத்தி, அட்டையிலிருந்த வட்டங்களை ரத்தத்தால் நிரப்பி அனுப்பியாயிற்று. ரிப்போர்ட்டில் கோதுமை, பால், முட்டை, பாதாம் எல்லாமே சிவப்பு.

அவர்கள் அளந்தது ஐஜிஜி என்ற ஆன்டிபாடி, அதாவது ரத்தத்தில் உள்ள எதிர்ப்புப் புரதம். அந்த உணவு உடம்புக்குப் பழக்கம் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. அடிக்கடி சாப்பிடுவதுதான் சிவப்பாக வரும். செலியாக்கிற்கு முதலில் எடுப்பது டிடிஜி-ஐஜிஏ என்ற வேறொரு ஆன்டிபாடி டெஸ்ட், கூடவே ரத்தத்தில் மொத்த ஐஜிஏ அளவு. சிலருக்கு இயல்பிலேயே ஐஜிஏ குறைவு. அவர்களுக்கு டிடிஜி நெகட்டிவ் என்று வந்தாலும் நம்ப முடியாது. முக்கியமானது, குளூட்டன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே எடுக்க வேண்டும். நிறுத்தினால் ஆன்டிபாடி இறங்கிவிடும், சிறுகுடலின் உட்சுவர் ஆறத் தொடங்கும், குடலிலிருந்து சிறு துணுக்கு எடுத்துப் பார்க்கும் பயாப்சியிலும் நோய் தெரியாமல் போகலாம். மூன்று மாதம் நிறுத்தியாகிவிட்டது. இனி தினம் இரண்டு துண்டு ரொட்டி, ஆறு முதல் எட்டு வாரம், அதே வலியோடு சாப்பிட்டுவிட்டுத்தான் டெஸ்ட்.

புகார் செய்தால் முதலில் "சாம்பிள் சரியாத்தானே இருந்தது" என்றார்கள். அடுத்து, "இது நோய் கண்டறியும் சோதனை அல்ல, விதிமுறையில் இருக்கிறது." அரை மாதச் சம்பளத்தை வாங்கும்போது நோய் தெரியும், திருப்பிக் கேட்டால் நோய்க்கான சோதனையே இல்லையாம்! மூன்றாம் முறை பதிலே இல்லை, டிக்கெட்டை மூடிவிட்டு, என்சைம் மாத்திரைக்குத் தள்ளுபடி கூப்பன் அனுப்பினார்கள். அதைப் போட்டுக்கொண்டு கோதுமை சாப்பிடலாமாம். செலியாக் உள்ளவர் நம்பிச் சாப்பிட்டால் குடல் புண்ணாகும்.

டெஸ்ட் முடியும்வரை கோதுமையை நிறுத்தாதீங்க. எந்த ஆன்டிபாடி என்று எழுத்தில் கேளுங்க. நூறு உணவுக்கு ஐஜிஜி என்றால் வாங்காதீங்க. முடியை வைத்துப் பார்க்கும் டெஸ்ட்டும் வேண்டாம். ஏற்கனவே நிறுத்தியிருந்தால் டிக்யூ2, டிக்யூ8 மரபணு டெஸ்ட் பற்றி டாக்டரிடம் கேளுங்க, அதற்குச் சாப்பாடு தடையில்லை. இரண்டும் இல்லையென்றால் செலியாக் அநேகமாக இல்லை. இருந்தால் மட்டும் நோய் என்று ஆகிவிடாது.