சஸ்காச்சுவானில் வாடகைக் கார் எடுப்பவர்கள் கவனம்: எனக்கு 1,480 டொலர் போச்சு

கனடாவின் பிரெய்ரிப் புல்வெளிப் பக்கம் கார் ஓட்டிப்போக நினைப்பவர்கள் இதை வாசித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். என் கடனட்டையிலிருந்து 1,480 டொலர் எடுத்திருக்கிறார்கள். கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

ரொறன்ரோவிலிருந்து றெஜைனாவுக்குப் பறந்து, அங்கே கார் எடுத்து கிராஸ்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குப் போவதுதான் திட்டம். மலிவாகக் கார் பிடித்துத் தரும் இணையத்தளம் ஒன்றில் பணம் கட்டினேன். "முழுக் காப்புறுதி" என்று போட்டிருந்ததற்கும் தனியாகக் கட்டினேன். கவுண்டரில் நின்ற பொடியனிடம் வாய்விட்டுக் கேட்டேன்: பூங்காவுக்குள் கிறவல் றோட்டுத்தானே, பிரச்சினை வராதா? சிரித்தான். "இது சஸ்காச்சுவான். கிறவல் இல்லாமல் எங்கே போவீர்கள்? உங்களிடம்தான் முழுக் காப்புறுதி இருக்கிறதே" என்றான். காரைச் சுற்றிக் காட்டக்கூட வெளியே வரவில்லை. அந்தச் சிரிப்பை நம்பித்தான் கையெழுத்து வைத்தேன்.

பயணத்தில் குறை இல்லை. சுவிஃப்ட் கரண்டில் 1ஆம் நெடுஞ்சாலையை விட்டு 4இல் தெற்கே திரும்பினால் பூங்காவை ஒட்டிய வால் மேரி ஊர் வரை ஏறத்தாழ 120 கிலோமீற்றர், வயலும் வானமும்தான். பூங்காவில் பைசன் எனும் காட்டெருதுக் கூட்டம், கனடாவில் வேறெங்கும் இயற்கையில் வாழாத கருவால் பிரெய்ரி நாய்கள் (பெயர்தான் நாய், வளையில் வாழும் அணில் இனம்). மகள் இன்னும் அவற்றைப் பற்றித்தான் பேசுகிறாள். எனக்கு 1,480 டொலர்தான் நினைவில் நிற்கிறது.

எதிரே வந்த தானிய லொறி ஒன்று கல்லைத் தெறிக்கவிட்டது. முன்கண்ணாடியில் கடலைப் பருப்பளவு புள்ளி. அடுத்த நாள் மழை. அந்த ஊர்க் களிமண் நனைந்தால் சக்கரத்தை விடவே விடாது, காரின் அடியெல்லாம் சேறு. திருப்பிக் கொடுத்தபோது அதே பொடியன் பார்த்துவிட்டு, "இங்கே இதெல்லாம் வழக்கம்தான்" என்றான்.

பிறகு வந்த பில்லில் முழு முன்கண்ணாடி, அடிப்பாகச் சேதம், திருத்தத்துக்காகக் கார் ஓடாத நாட்களுக்குக் கட்டணம், அதற்கு மேல் நிர்வாகக் கட்டணம்! கவுண்டருக்கு எடுத்தால் "சேதப் பிரிவைக் கேளுங்கள்". அந்தப் பிரிவுக்குத் தொலைபேசியே கிடையாது, மின்னஞ்சல்தான். ஆதாரம் கேட்டேன், சேறு படிந்த அடிப்பாகத்தின் படம் ஒன்று வந்தது. சேறுதான் தெரிகிறது, சேதம் எங்கே? இணையத்தளக்காரர் சொன்னது அதைவிட அழகு: கண்ணாடி, டயர், அடிப்பாகம் "முழு" காப்புறுதிக்குள் வராதாம், கிறவலில் ஓட்டியதே ஒப்பந்த மீறலாம், தாங்கள் இடைத்தரகர் மட்டுமாம். இன்று காலை, "உங்கள் ஏமாற்றம் புரிகிறது" என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இருக்கிற கோபத்தில் இவ்வளவுதான் வருகிறது. கண்ணாடி, டயர், அடிப்பாகம் மூன்றும் சேர்த்தியா என்று எழுத்தில் வாங்குங்கள். கிறவலுக்கு அனுமதியும் எழுத்தில். எடுக்கும்போதும் கொடுக்கும்போதும் அடிப்பாகத்தை வீடியோ எடுங்கள். கொடுக்குமுன் கழுவிவிடுங்கள்.

வங்கியில் முறைப்பாடு போட்டிருக்கிறேன். 1,480 டொலரில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று இங்கேயே எழுதுகிறேன்.