கூகுள் ஆட்ஸ்: சிடிஆர் (விளம்பரம் காட்டினதுல எத்தனை சதவீதம் கிளிக் ஆச்சுங்கற கணக்கு) ஏத்த எது உதவுது?
எங்க கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் கடைக்கு சர்ச் ஆட் இதுலதான் ஓட்டறோம், இதுல பெஸ்ட் சர்ச் டெர்ம்ஸ் ரிப்போர்ட் தாங்க, ஜனங்க என்ன டைப் பண்றப்ப நம்ம விளம்பரம் வந்துச்சுன்னு அதுலயே தெரியும், 'கிரைண்டர் ரிப்பேர்', 'பழைய கிரைண்டர்'னு தேடறவங்க புதுசு வாங்கப் போறதில்ல, அதையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டுல (இந்த வார்த்தைக்கு விளம்பரம் காட்டாதேன்னு சொல்ற லிஸ்ட்) போட்டா வீண் இம்ப்ரெஷன், அதாவது சும்மா விளம்பரம் காட்டறது, குறைஞ்சு சிடிஆர் தானா ஏறுது. ஹெட்லைன் 15 வரைக்கும் குடுக்கலாம், ஒவ்வொண்ணும் 30 எழுத்துக்குள்ள. 'தரமான கிரைண்டர்'னு போட்டா எவன் பாப்பான், '2 லிட்டர் டில்டிங், டோர் டெலிவரி'ன்னு போடுங்க. அப்புறம் ஆட் ஸ்ட்ரென்த் (விளம்பர வாசகத்துக்கு கூகுள் காட்டற மதிப்பீடு) 'எக்ஸலன்ட்'னு காட்டுதேன்னு குஷியாகாதீங்க, குவாலிட்டி ஸ்கோர்ல (கீவேர்டுக்கு கூகுள் குடுக்கற தர மார்க்) அதுக்கு இடமே இல்ல, எதிர்பார்க்கற சிடிஆர், விளம்பரப் பொருத்தம், லேண்டிங் பேஜ் (கிளிக் பண்ணா திறக்கற பக்கம்) இந்த மூணுதான் கணக்கு. கூகுள் ஆட்ஸுக்கு 5க்கு 4 குடுக்கலாம்.