பஸ் ஸ்டாண்டுக் கையேட்டில் ஃபியூச்சர் கன்டினியூயஸ்: 80 ரூபாய்க்குத் தேறுமா?

கும்பகோணம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம், வார இதழ்களோடு கிளிப் போட்டுத் தொங்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் கையேடுகளில் ஒன்று இது. பெயர் வேண்டாம். தாள் மட்டம், அச்சு பரவாயில்லை. மற்ற டென்ஸ்களை இந்த ரகக் கையேடுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் நடத்துகின்றன. ஃபியூச்சர் கன்டினியூயஸுக்கு, அதாவது ஒரு நேரத்தில் ஒரு வேலை நடந்துகொண்டிருக்கும் என்று சொல்லும் டென்ஸுக்கு, மட்டும் இதில் 6 பக்கம் இருக்கிறது. முதல் 3 பக்கம் கொடுத்த காசுக்கு மேல். அடுத்த 3 பக்கத்தைப் பேனாவும் கையுமாகத்தான் படிக்க வேண்டும்.

முதல் பக்கத்தில் ஒரே ஒரு சொல்லைப் பிய்த்துக் காட்டுகிறார்கள்: நட்டுக்கொண்டிருப்பேன். நட்டுக்கொண்டு, இரு, ப்ப், ஏன் என்று நாலு துண்டு. இதைப் பின்னாலிருந்து படித்தால் இங்கிலீஷ் வந்துவிடுகிறது. ஏன் என்பது ‘ஐ’. ப்ப் என்பது ‘வில்’. இரு என்பது ‘பி’. நட்டுக்கொண்டு என்பது ‘பிளான்டிங்’. ஆக, ‘ஐ வில் பி பிளான்டிங்’. நம் பக்கம் அதிகம் கேட்கும் தப்பு ‘ஐ வில் கமிங்’. அது ஏன் தப்பு என்பதும் இதிலேயே தெரிந்துவிடும்: நடுவில் இருக்கும் ‘இரு’வை முழுங்கிவிட்டுப் பேசுகிறோம். பத்துப் பக்க இலக்கண விளக்கம் செய்யாத வேலை இது. (நாற்று நடவுக்குச் சரியான சொல் ‘டிரான்ஸ்பிளான்டிங்’. விதையோ கன்றோ வைப்பதுதான் வெறும் ‘பிளான்டிங்’. கையேடு இதைக் கண்டுகொள்ளவில்லை.)

நான், அவன், அவர்கள் என்று ஆள் மாறினால் தமிழில் வால் மாறும். இங்கிலீஷில் தலை மட்டும் மாறும், ‘வில் பி’ அசையாது. எழுத்துக்கூட்டலுக்கு அரைப் பக்கம்: கம் கமிங் ஆகும்போது கடைசி ‘ஈ’ போகும், சிட் சிட்டிங் ஆகும்போது ‘டி’ இரட்டிக்கும். அது போதும்.

உதாரணங்கள் ஊர் வாசனையோடு இருக்கின்றன. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் அடுத்த மாதம் இந்நேரம் குறுவை நடவு ஓடிக்கொண்டிருக்கும். அதை ‘திஸ் டைம் நெக்ஸ்ட் மந்த்’ என்று தொடங்கிச் சொல்லவைக்கிறார்கள். இந்த டென்ஸுக்கு இப்படி ஒரு நேரப்புள்ளி வேண்டும். வெறுமனே ‘வி வில் பி ஒர்க்கிங்’ என்று நிறுத்தினால், எப்போது என்ற கேள்வி தொங்கும். ‘இப்போ அவர் சாப்பிட்டுக்கிட்டிருப்பார்’ என்ற ஊகத்துக்கும் இதே வடிவம்தான், ‘ஹி வில் பி ஈட்டிங் நவ்’. பெயரில்தான் எதிர்காலம், பேசுவது இந்த நிமிஷத்தை. தமிழும் இங்கிலீஷும் இங்கே அப்படியே ஒத்துப்போவதைச் சுட்டிக்காட்டியதற்குத் தனியாக மார்க் போடலாம்.

இனி சறுக்கல்கள். ‘கொண்டிருப்’ வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘வில் பி’ போடு என்கிறது 4-ஆம் பக்கம். ‘அவர் சாவியை எடுத்துக்கொண்டிருப்பார்’ என்றால் என்ன அர்த்தம்? எடுத்து முடித்தாயிற்று என்றுதானே. அது ‘ஹி வில் ஹேவ் டேக்கன் தி கீ’. சந்தேகம் வந்தால் ‘கொண்டே இருப்பார்’ என்று ஏகாரம் போட்டுச் சொல்லிப் பாருங்கள். அர்த்தம் மாறாமல் நின்றால் ‘வில் பி’, மாறினால் வேறு.

இதற்கு நேர் எதிரான கூட்டமும் உண்டு. ‘ஸ்டேஷன் வாசலில் நின்றிருப்பேன், நீலச் சட்டை போட்டிருப்பேன்’. இதில் ‘கொண்டு’ எங்கேயும் இல்லை. ஆனால் இங்கிலீஷில் ‘ஐ வில் பி ஸ்டாண்டிங்’, ‘ஐ வில் பி வேரிங் எ ப்ளூ ஷர்ட்’. நிற்பது, உட்காருவது, படுப்பது, உடுத்துவது எல்லாம் இந்த வகை. ஒரு வரிகூட இதைப் பற்றி இல்லாதது பெரிய குறை.

ஐஎன்ஜி, அதாவது ‘கமிங்’கின் வாலில் வரும் ‘இங்’, ஏற்காத வினைகளுக்கு ஒரு நீளப் பட்டியல் போட்டு மனப்பாடம் பண்ணச் சொல்கிறார்கள். தேவையே இல்லை. தமிழில் ‘எனக்கு’ கேட்கும் வினைகள், அதாவது தெரியும், பிடிக்கும், வேண்டும், புரியும், பெரும்பாலும் அங்கே ஐஎன்ஜி ஏற்காது. ‘ஐ வில் பி நோயிங்’ கிடையாது, ‘ஐ வில் நோ’தான். ‘ஹேவ்’ மட்டும் இரண்டு பக்கமும் கால் வைக்கும்: மதியச் சாப்பாட்டுக்கு ‘வில் பி ஹேவிங் லன்ச்’ சரி, இரண்டு போர் செட் சொந்தமாக இருப்பதைச் சொல்ல ‘வில் ஹேவ்’.

தமிழ் எழுத்தில் உச்சரிப்பு கொடுத்த இடத்தில் ‘மாட்டேன்’ என்பதற்கும் ‘வேண்டும்’ என்பதற்கும் ஒரே ‘வான்ட்’ அச்சாகியிருக்கிறது. முதலாவது ‘வோன்ட்’. ‘ஐ வோன்ட் பி கமிங்’ என்று ஓகாரம் நீளாவிட்டால், வர மாட்டேன் என்பது வர ஆசை என்று காதில் விழும்.

நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிறவர்களுக்கு அறை கொடுக்கும் லாட்ஜுகளில் ரிசப்ஷனில் இருப்பவர்களுக்குத்தான் இந்த டென்ஸ் தினமும் வேண்டும். ‘வில் யூ கம் டுமாரோ’ என்றால் வாருங்கள் என்று கேட்கிற தொனி வந்துவிடும். ‘வில் யூ பி கமிங் டுமாரோ’ என்றால் வருவதாக இருக்கிறீர்களா என்று திட்டத்தை மட்டும் விசாரிப்பது. ‘எத்தனை நாள் தங்குவீர்கள்’ என்பதற்கு ‘ஹவ் லாங் வில் யூ பி ஸ்டேயிங்’ என்று கேட்டால் விரட்டுகிற மாதிரி இருக்காது. கையேட்டில் இது கடைசிப் பக்கத்து மூலையில், பொடி எழுத்தில் கிடக்கிறது. அங்கிருந்தே தொடங்கிப் படிக்கலாம்.

வாங்குவதாக இருந்தால் ஒரு திருத்தம். 5-ஆம் பக்கத்தில் ‘நீங்கள் வரும்போது நான் நட்டுக்கொண்டிருப்பேன்’ என்பதற்கு ‘வென் யூ வில் கம்’ என்று போட்டிருக்கிறார்கள். ‘வரும்’ எதிர்காலமாகத் தெரிவதால் வந்த வினை. ‘வென்’னுக்குப் பின்னால் அந்த ‘வில்’ கூடாது. ‘வென் யூ கம், ஐ வில் பி டிரான்ஸ்பிளான்டிங்’ என்று அடித்து எழுதிக்கொள்ளுங்கள். விடைப் பக்கத்திலும் இதே தப்பு 2 இடத்தில் இருக்கிறது.