எட்டு மாதச் சேமிப்பு போச்சு: பழைய லெஸ் பால் வாங்குகிறவர்கள் கவனிக்கவும்

கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் எலெக்ட்ரிக் கிட்டார் என்று நம்பி நான் வாங்கியது போலி, பணமும் திரும்பாது. நேற்று மாலைதான் உறுதியானது. எட்டு மாதமாகச் சேர்த்த பணம் போய்விட்டது. ஆத்திரம் அடங்கவில்லை. அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஆறு வருடமாக எபிஃபோன் வாசிக்கிறேன், கிப்சனின் விலை குறைந்த பிராண்ட் கிட்டார். அதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் மற்ற கிட்டார்காரர்கள் நடுவே உறையிலிருந்து எடுத்தாலே ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப்பகுதியில்) உள்ள பெயரைத்தான் பார்ப்பார்கள். "நல்லா வாசிக்கிறீங்க. எப்போ நிஜமான லெஸ் பால் வாங்கப் போறீங்க?" எபிஃபோன் 1957 முதல் கிப்சனுடையதுதான் என்று சொன்னாலும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு மனதில் தங்கிவிட்டது.

பழைய பொருட்கள் விற்கும் ஒரு செயலியில் '1996 கிப்சன் லெஸ் பால் ஸ்டாண்டர்ட்' என்று ஒரு விளம்பரம். விற்றவர் வீடியோவில் வாசித்துக் காட்டினார். நான் சத்தத்தைப் பற்றி ஏதோ கேட்டேன். "இந்த வித்தியாசம் எல்லார் காதுக்கும் கேட்காதுங்க. உங்களுக்குக் கேட்குது, அதனாலதான் உங்களுக்குக் கொடுக்கிறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில் விழுந்தேன். சீரியல் நம்பர் உள்ள ஹெட்ஸ்டாக்கின் பின்பக்கத்தைக் காட்டச் சொல்லக்கூடத் தோன்றவில்லை. எட்டு மாதச் சேமிப்பை அன்றிரவே கட்டிவிட்டேன்.

வந்ததும் வாசித்துப் பதிவு செய்து நண்பர்களுக்கு அனுப்பினேன். "இதுதாங்க டோன்! மரம் பேசுது" என்றார்கள், என் எபிஃபோனைப் பார்த்துச் சிரித்த அதே ஆட்கள். அந்தப் பாராட்டில் திருப்பி அனுப்புவதற்கான ஏழு நாளும் கடந்துவிட்டது.

மூன்றாவது வாரம் ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே உள்ள உலோகக் கம்பியில்) தந்தி இரைகிறது என்று பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே ஓடும் கம்பிதான் ட்ரஸ் ராட். அதன் முனையை மறைக்கும் மூடியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. மூன்று ஸ்க்ரூ. கிப்சனில் இரண்டுதான். கழற்றினால், அறுகோண நட் இருக்க வேண்டிய இடத்தில் ஆலன் சாவி போடும் துளை. பிறகு சீரியல் நம்பர். அந்தக் காலத்து எட்டு இலக்க எண்ணில் முதலாவதும் ஐந்தாவதும் வருடம். நடுவில் உள்ள மூன்றும் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. என்னுடையதில் 412 என்று இருந்தது. எந்த வருடத்தில் 412 நாள் இருக்கிறது?

விற்றவரிடம் கேட்டால், "முன்னாடி வச்சிருந்தவர் மூடியை மாத்தியிருப்பார்" என்றார். சீரியல் நம்பரைக் கேட்டேன், பதிலே இல்லை. செயலியின் உதவிப் பிரிவு ஒரே வரியை நான்கு முறை அனுப்பியது: திருப்பி அனுப்பும் காலம் முடிந்துவிட்டது. போலி என்று புகார் கொடுத்தேன், அதற்கும் அதே வரி. "மரம் பேசுது" என்றவர்களோ இப்போது, "அப்பவே சத்தம் கொஞ்சம் மெலிசா இருந்துச்சே" என்கிறார்கள். இதுதான் பணத்தைவிட அதிகமாக எரிகிறது.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. சீரியல் நம்பரின் படத்தை முதலிலேயே கேளுங்கள். மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். கைக்கு வந்த அன்றே விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள், நண்பர்களிடம் அல்ல. எட்டு மாதச் சேமிப்பு, மறந்துவிடாதீர்கள்.

இன்று காலை அதே ஆள் இன்னொரு லெஸ் பாலை விற்பனைக்குப் போட்டிருக்கிறார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அதிலும் மூன்று ஸ்க்ரூ.