ஸ்டிக்கரை நம்பி பிஸ்டன் ரிங் வாங்காதீர்கள்: டட்சன் 120ஒய் வைத்திருப்பவர்களுக்கு

டட்சன் 120ஒய் மாதிரி பழைய வண்டிக்கு இஞ்சின் ஓவராஹால் செய்யப் போகிறவர்கள், "ஃபுல் செட், ஒரிஜினல் ஜப்பான்" என்று பேஸ்புக்கில் போட்டு விற்கும் கடைகளிடம் ஜாக்கிரதை. 1,650 வெள்ளி (ரிங்கிட்) கட்டி நான் வாங்கிய பெட்டியில் பாதிக்கு மேல் என் இஞ்சினுக்கு உதவாத சாமான். கடை கோலாலம்பூர் பக்கம். பெயரை இப்போது எழுதவில்லை, விஷயம் பயனீட்டாளர் ட்ரிபியூனலுக்குப் போயிருக்கிறது, அங்கே முடியட்டும்.

வண்டி அப்பாவுடையது, 1977 மாடல். தோட்டத்தில் கண்டக்டராக (வேலை மேற்பார்வையாளராக) இருந்தபோது செகண்ட் ஹேண்டில் வாங்கி, சுங்கை சிப்புட்டைச் சுற்றி இருக்கும் செம்மண் பாதையெல்லாம் ஓட்டியது. கொஞ்ச நாளாக நீலப் புகை, ஆயில் ஊற்ற ஊற்றக் குறைகிறது. எங்கள் ஊர் போமென் (மெக்கானிக்), சீன அங்கிள், இந்த வண்டியில் இருக்கும் ஏ சீரிஸ் வகை இஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கக்கூடியவர், அவர்தான் இறக்கிப் பிரித்து பிளாக்கையும் கிராங்கையும் ஈப்போவில் மெஷின் ஷாப்புக்கு அனுப்பி அளக்கச் சொன்னார். போரை (சிலிண்டர் துளையை) 0.50 மில்லிமீட்டர் பெரிதாக்க வேண்டும், அதாவது ஓவர்சைஸ்; கிராங்கில் பிக் எண்டை (கனெக்டிங் ராடு பிடிக்கும் இடத்தை) 0.25 அரைத்துக் குறைக்க வேண்டும், அதாவது அண்டர்சைஸ் என்று சீட்டு வந்தது. அந்தச் சீட்டையும் பிளாக்கில் அடித்திருக்கும் ஏ12 என்ற இஞ்சின் நம்பரையும் படம் பிடித்துக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "ஓகே அண்ணே, ஏ12, 0.50, 0.25, கன்ஃபர்ம்" என்று பதில் போட்டார். அந்த மெசேஜ் இன்னும் என் போனில் இருக்கிறது, அதுதான் இப்போது எனக்குப் பிடிமானம்.

பெட்டி வந்தது. வெளியில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது, ஜப்பான் பெயர் அச்சடித்த அட்டை, பிளாஸ்டிக் உறை, எல்லாவற்றிலும் சைஸ் ஸ்டிக்கர். பிஸ்டன் தலையில் 50 என்று அடித்திருந்தது, அளந்தபோதும் சரியாகவே இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பிஸ்டனை மெஷின் ஷாப்புக்குக் கொடுத்து அதன் அளவுக்கு போர் செய்து வாங்கினோம் (பிஸ்டன் கைக்கு வராமல் போர் செய்யச் சொல்லாதீர்கள், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி 0.03, 0.04 மில்லிமீட்டர் கணக்கு, செட்டுக்கு செட் மாறும்). அப்புறம் ரிங் போடுவதற்கு முன் அங்கிள் வழக்கம் போல ஒரு ரிங்கை மட்டும் எடுத்து சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளிவிட்டு, ரிங்கின் இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள வாய் இடைவெளியைப் பார்த்தார். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜைத் தேடவே இல்லை. "இனி சைஸ் சாலா லா" (இந்த சைஸ் தப்பு) என்று மலாயில் சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

73 மில்லி போருக்கு அந்த இடைவெளி சுமார் 0.3 மில்லி இருக்க வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 2 மில்லி. கணக்கு எளிது: விட்டம் 0.50 கூடினால் சுற்றளவு 1.57 கூடும், ஸ்டாண்டர்ட் ரிங்கைப் பெரிய போரில் வைத்தால் அந்த 1.57 முழுக்க வாய் இடைவெளியில்தான் போய்ச் சேரும். ரிங் உறையில் இருந்த 0.50 ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினேன். அடியில் எஸ்டிடி, அதாவது ஸ்டாண்டர்ட். கடையில் யாரோ உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார்கள், வேறு என்ன சொல்ல!

பேரிங்கும் அதே கதை. கிராங்கை 0.25 அரைத்தால் ஷெல் (பேரிங்கின் அரைவட்டத் தகடு) ஒவ்வொன்றும் 0.125 கனம் கூடுதலாக இருக்க வேண்டும், வழக்கமாக ஷெல்லின் முதுகிலேயே சைஸ் அடித்திருக்கும். வந்ததில் முதுகு வெறுமை, உறையில் மட்டும் 0.25. மைக்ரோமீட்டர் வைத்தால் ஸ்டாண்டர்ட் கனம்தான். இதைப் பார்க்காமல் மாட்டியிருந்தால் ஆயில் பிரஷர் எழும்பவே எழும்பாது, கொஞ்ச தூரத்தில் கிராங்க் தட்டத் தொடங்கியிருக்கும், அரைத்த கூலியும் போய் கிராங்கும் போயிருக்கும்.

ஹெட் கேஸ்கெட் (பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவில் வைக்கும் தகடு) ஏ15 என்ற வேறு இஞ்சினுடையது. அதற்கு போர் 76 மில்லி, என்னுடையது ஏ12. போன் பண்ணிக் கேட்டதற்கு "ஏ சீரிஸ் எல்லாம் ஒண்ணுதான் அண்ணே, போலே பாக்காய்" (மாட்டலாம்) என்றார் கடைக்காரர். மாட்டலாம்தான், யார் இல்லை என்றது? சிலிண்டர் வாயைச் சுற்றி வீணாக ஒரு பள்ளம் விழும், கம்ப்ரஷன் இறங்கும். நான் கேட்டது ஏ12, காசு கட்டியதும் ஏ12-க்கு.

இதற்கு நடுவில் இன்னொரு வியாபாரமும் பார்த்தார். இப்போதைய ஈயமில்லாத பெட்ரோலுக்கு பழைய வால்வ் சீட் (வால்வ் உட்காரும் இடம்) தாங்காது, 400 வெள்ளிக்கு செட் தருகிறேன் என்றார். வார்ப்பிரும்பு ஹெட்டில் நேரடியாக வெட்டிய வால்வ் சீட்டுக்கு அந்தப் பேச்சு பொருந்தும். ஏ12 ஹெட் அலுமினியம். அலுமினியத்தில் வால்வ் நேராக உட்கார முடியாது, கம்பெனியிலேயே தனி வளையம் அழுத்தித்தான் அனுப்புவார்கள். இது தெரியாதவர் பயந்து போய் வாங்கிவிடுவார், அதை நம்பித்தான் பேசுகிறார்.

திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னபோது முதலில் உறை பிரித்தாகிவிட்டது என்றார், பிரிக்காமல் எப்படி அளப்பது? அடுத்து மெஷின் ஷாப் தப்பாக போர் செய்துவிட்டது என்றார். கடைசியில் ரசீதில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று மலாயில் இருக்கிறதே என்று காட்டிவிட்டு வாட்ஸ்அப்பில் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். அதுவரை வாய்க்கு வாய் அண்ணே.

அந்த வரியைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி பொருள் சொன்ன விவரத்துக்கு ஒத்திருக்க வேண்டும், ரசீதில் ஒரு வரி போட்டு அந்தப் பொறுப்பிலிருந்து கடைக்காரர் நழுவ முடியாது. பயனீட்டாளர் ட்ரிபியூனலில் புகார் கட்டணம் 5 வெள்ளி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம், வக்கீல் வேண்டாம், மூன்று வருடத்துக்குள் பதிய வேண்டும். ஆன்லைனிலேயே பதியலாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளாக இருக்க வேண்டும், வியாபாரத்துக்கு வாங்கியது செல்லாது. ஸ்டிக்கர், ஷெல் முதுகு, மைக்ரோமீட்டர் ரீடிங், ரிங் சிலிண்டருக்குள் இருக்கும் படம், வாட்ஸ்அப் பேச்சு, பேங்க் ரசீது எல்லாம் சேர்த்துக் கொடுத்திருக்கிறேன். சிலர் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்கும் போலீசின் செமாக் மியூல் இணையப் பக்கத்தில் கடையின் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்த்தேன், ஒன்றும் இல்லை. அது போலீஸ் புகார் விழுந்த கணக்கைத்தான் காட்டும், இவரோ ஷட்டர் திறந்து வைத்து வியாபாரம் செய்கிற ஆள்.

ரிங்கும் ஷெல்லும் கடைசியில் ஈப்போவில் ஒரு பழைய கடையில் கிடைத்தன. பெட்டியைக் காட்டுவதற்கு முன்னாலேயே அந்தப் பெரியவர் பிளாக் நம்பர் என்ன, யார் அளந்தது, சீட்டு எங்கே என்று கேட்டார், ரிங்கை உறையிலிருந்து எடுத்து வாய்ப் பக்கம் இருந்த 50 எழுத்தைக் காட்டிவிட்டுத்தான் காசு வாங்கினார். ஏ12 கேஸ்கெட் இன்னும் கிடைக்கவில்லை. பேராக் பக்கம் யாரிடமாவது புதிதாக இருந்தால் சொல்லுங்கள். இதே மாதிரி ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி வந்தவர்களும் படத்தோடு எனக்குத் தனியாக எழுதுங்கள், விசாரணைக்கு நாள் குறித்ததும் அதையும் எடுத்துப் போகிறேன்.