ஸ்ப்ளெண்டரும் ஸ்பார்க் பிளக்கும்: நெடுநாள் பழக்கத்தில் தெரிந்தவை

ஹீரோ ஹோண்டா காலத்து ஸ்ப்ளெண்டர்தான் இன்றும் என் தினசரி வண்டி. 97.2 சிசி, கார்புரேட்டர், கிக் ஸ்டார்ட். பெட்ரோல்-காற்றுக் கலவைக்குத் தீப்பொறி தரும் ஸ்பார்க் பிளக்கின் வேலையை மட்டும் நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. இத்தனை சின்னச் செலவில் என்ஜினின் உள்நிலையை இவ்வளவு தெளிவாகச் சொல்லும் பாகம் வண்டியில் வேறு இல்லை என்பது என் எண்ணம். அதைப் பார்க்காமலே கழற்றி வீசிவிட்டுப் புதிதாக மாட்டினால் பாதிப் பயன் போய்விடும்.

இதில் போடுவது என்ஜிகே கம்பெனியின் சி7எச்எஸ்ஏ பிளக். முதல் சி, மரையின் விட்டம் 10 மி.மீ. என்பதற்கு, எச், மரையின் நீளம் 12.7 மி.மீ. என்பதற்கு. நடுவில் உள்ள 7தான் வெப்ப எண். என்ஜிகேயில் எண் கூடக்கூட பிளக் 'குளிர்ச்சி', அதாவது சூட்டை வேகமாகக் கடத்திவிடும். பாஷ் கம்பெனி பிளக்கில் இது அப்படியே தலைகீழ். அதனால் வேறு கம்பெனி பிளக் வாங்கும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டு வாங்கக் கூடாது. அந்தக் கம்பெனியின் பொருத்தப் பட்டியலைப் பார்த்தே வாங்க வேண்டும்.

கழற்றும் முன் என்ஜின் ஆறியிருக்க வேண்டும். சிலிண்டரின் மேல்மூடியான ஹெட் அலுமினியம், சூட்டோடு திருகினால் மரை போகும். ஸ்ப்ளெண்டரில் சிலிண்டர் கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் இருப்பதால், முன் சக்கரம் வாரியடிக்கும் சேறும் மணலும் பிளக்கைச் சுற்றி ஒட்டியிருக்கும். அதை ஊதித் துடைத்த பிறகுதான் 16 மி.மீ. பிளக் ஸ்பேனரை வைப்பேன். ஒரு மணல் துகள் உள்ளே விழுந்தாலும் சிலிண்டர் சுவரில் கோடு விழும்.

அடுத்து, கழற்றிய பிளக் முனையின் நிறம். வெளிர் பழுப்பாகவோ சாம்பலாகவோ இருந்தால் நிம்மதி. காய்ந்த கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது: ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், சோக் முழுதாகத் திரும்பாமல் இருக்கலாம். எண்ணெய்ப் பிசுக்காகக் கருத்திருந்தால் எண்ணெயை உள்ளே விடாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங், வால்வு சீல் பக்கம் சந்தேகப்பட வேண்டும். வெளுத்துப் பொரிந்திருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது, உடனே கவனிக்க வேண்டும். ஆனால் டிராஃபிக்கில் ஊர்ந்துவிட்டு வந்து கழற்றினால் நல்ல என்ஜினின் பிளக்கும் கருப்பாகத்தான் தெரியும். பீங்கான் முனை சுமார் 450 டிகிரியைத் தாண்டினால்தான் தன்மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். அதனால் புறவழிச்சாலையில் கொஞ்ச நேரம் சீராக ஓட்டி, நிறுத்தி, ஆறவிட்டுப் பார்ப்பதே என் வழக்கம்.

எண்ணெய்ப் பிசுக்குக்கு மருந்தாக 'ஹாட் பிளக் (சூட்டை மெதுவாகக் கடத்துவது) போடு' என்று சிலர் சொல்வார்கள். நான் ஏற்க மாட்டேன். ரிங் தேய்ந்தது தேய்ந்ததுதான். பிளக் அதைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவே.

தீப்பொறி பாயும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளி இந்த வண்டிக்கு 0.6 முதல் 0.7 மி.மீ. ஓட ஓட முனைகள் தேய்ந்து அது விரியும். விரிந்த இடைவெளியைத் தாண்ட, பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கூடுதல் வோல்டேஜ் கொடுக்க வேண்டும். மழைநாள் காலையில் கூடுதலாக நாலு கிக், மேட்டில் டாப் கியரில் ஒரு சின்ன மிஸ்ஸிங் (தீப்பொறி தவறுதல்) என்று அது வெளியே தெரியும். இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜில் 0.6 தகடு தாராளமாக நுழைய வேண்டும், 0.7 இழுபறியாகப் போக வேண்டும். வளைப்பது மேலே வளைந்து நிற்கும் கம்பியை மட்டும்தான். நடு முனையில் எதையாவது முட்டுக்கொடுத்து நெம்பினால் பீங்கான் விரிசல் விடும், அது கண்ணுக்கே தெரியாமலும் இருக்கும். புது பிளக்கையும் அளந்தே மாட்டுகிறேன். கீழே விழுந்த ஒன்றின் இடைவெளி பெட்டிக்குள்ளேயே மாறியிருக்கும்.

சுத்தம் செய்ய உப்புத்தாள் வேண்டாம். தீப்பொறி கூரான விளிம்பிலிருந்துதான் எளிதாகப் பாயும். உப்புத்தாள் அந்த விளிம்பை மழுக்கிவிடும். இரும்பு பிரஷ்ஷும் பீங்கானில் உலோகக் கோடு விடும், மின்சாரம் அந்த வழியே கசியும். பழைய டூத் பிரஷ்ஷும் கொஞ்சம் பெட்ரோலும் போதும். நடு முனை உருண்டு போயிருந்தால் சுத்தம் செய்து பலனில்லை. சாதாரண நிக்கல் பிளக்கை 10,000 கி.மீ. தாண்டியதும் மாற்றிவிடுகிறேன்.

ஒருமுறை ஒரு கடையில் வாங்கியது போலி. பெட்டி அச்சு அசல்தான். ஆனால் மரை சொரசொரப்பு, பீங்கானில் இருந்த எழுத்து நகத்தால் சுரண்டினாலே வந்துவிட்டது. அன்றிலிருந்து மரையை விரலால் தடவிப் பார்க்காமல் காசு கொடுப்பதில்லை.

மாட்டும்போது கடைசி வரை கையால் திருக வேண்டும். கையில் இறங்காவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது. திரும்ப எடுத்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வாஷர் உட்கார்ந்ததும் ஸ்பேனரால் அரைச் சுற்று, அது புது பிளக்குக்கு. பழையதைத் திரும்ப மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருப்பதால் சும்மா ஒரு இழுப்பு போதும். பலம் காட்ட இது இடமில்லை. 10 மி.மீ. மரை போனால் ஹெட்டைக் கழற்றிப் புது மரை போடும் அளவுக்கு வேலை இழுத்துவிடும்.

இரிடியம் முனை கொண்ட பிளக்கும் போட்டு ஓட்டியிருக்கிறேன். குளிர்ந்த என்ஜின் சற்றுச் சீக்கிரம் பிடித்தது, ஐட்லிங் கொஞ்சம் சீரானது. மைலேஜில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதன் நடு முனை ஊசி போல மெல்லியது என்பதால் இடைவெளியைத் திருத்துவதும் பயம்தான். நெடுந்தூரம் போகிறவர்களுக்கும், பிளக்கை எட்டவே டேங்கைக் கழற்ற வேண்டிய வண்டிகளுக்கும் அது தாராளமாகத் தகும். கை நீட்டினால் எட்டும் ஸ்ப்ளெண்டர் பிளக்குக்கு நான் நிக்கலுக்கே திரும்பிவிட்டேன்.