மோட்டோகிராஸ் கேம் ‘ஏற்றிக்’ கொடுக்கிறோம் என்பவர்களிடம் உஷார்

திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பிஎஸ்4-க்கு (டிவியில் மாட்டி ஆடும் சோனியின் கேம் பெட்டி) கேம் ஏற்றிக் கொடுக்கிற கடை ஒன்றில் 1,200 ரூபாயைப் பறிகொடுத்திருக்கிறேன். விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு கேம் வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

நான் கேட்டது 2022-இல் வந்த ‘எம்எக்ஸ் வெர்சஸ் ஏடிவி லெஜெண்ட்ஸ்’ என்ற மோட்டோகிராஸ் கேம், அதாவது மேடு பள்ளமான மண் தடத்தில் பைக் ஓட்டும் பந்தயம். 1998-இல் ‘மோட்டோகிராஸ் மேட்னஸ்’ எடுத்த ரெயின்போ ஸ்டூடியோஸின் வேலை. இதே வரிசையில் 2009-இல் வந்த ‘ரிஃப்ளெக்ஸ்’ ஆடியவர்களுக்குத் தெரியும்: ரிமோட்டின் இடது ஸ்டிக்கில் ஹேண்டில்பார், வலது ஸ்டிக்கில் ஓட்டுபவரின் உடம்பு. சக்கரம் உழுத தடம் மண்ணில் அப்படியே நிற்கும், அடுத்த சுற்றில் அந்தப் பள்ளமே வண்டியைப் பிடித்து இழுக்கும். அந்த வரிசை மேல் எனக்கு இருந்த பிரியமே அதனால்தான்.

“லைஃப்டைம் அண்ணாச்சி, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லித்தான் காசை வாங்கினார்கள். கொஞ்ச நாள் நன்றாக ஓடியது. அப்புறம் ஒரு சாயங்காலம் கேம் படத்தின் மேல் பூட்டுக் குறி வந்து உட்கார்ந்துவிட்டது.

நடந்தது இதுதான். கேமைக் கடைக்காரர் தன் அக்கவுன்ட்டில் வாங்கி, என் பெட்டியை அந்த அக்கவுன்ட்டின் பிரைமரி பிஎஸ்4, அதாவது அதில் வாங்கிய கேமை யார் வேண்டுமானாலும் ஆடக்கூடிய முதன்மைப் பெட்டி ஆக்கி வைத்திருந்தார். ஓர் அக்கவுன்ட்டுக்கு ஒரு பிரைமரி பிஎஸ்4-தான் இருக்க முடியும். அதையே எடுத்து அடுத்த ஆளின் பெட்டிக்கு மாற்றினால் நம் பெட்டியில் கேம் பூட்டிக்கொள்ளும். அக்கவுன்ட்டை இப்படி விற்பதை சோனியின் விதிகளே அனுமதிப்பதில்லை, அதனால் அங்கே முறையிட்டும் பயனில்லை.

திரும்பப் போய்க் கேட்டால், “சர்வர் பிரச்சினை அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டு, பெயர் தெரியாத வேறொரு பைக் கேமை ஏற்றினார்கள். இது நான் கேட்டதே இல்லையே என்றேன். “இதுவும் மோட்டோகிராஸ்தான், மண்ணுலதானே ஓடுது?”

மண் நிறத்தில் தரை இருந்தால் மோட்டோகிராஸ் ஆகிவிடாது. திருச்செந்தூர்ப் பக்கம் தேரிக்காட்டுச் செம்மணலில் பைக் ஓட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். திராட்டிலை (ஆக்ஸிலேட்டர்) சட்டென்று விட்டால் முன்சக்கரம் மணலில் புதையும், ஹேண்டில் தன் இஷ்டத்துக்குத் திரும்பும். உடம்பைப் பின்னால் தள்ளி, திராட்டிலை விடாமல் பிடித்தால்தான் வண்டி மேலே மிதந்து போகும். நல்ல மோட்டோகிராஸ் கேம் அந்தப் பயத்தைக் கைக்குக் கொண்டுவந்து தருகிறது. கடைக்காரர் ஏற்றிய கேமில் எத்தனை சுற்று ஓடினாலும் தரையில் ஒரு கீறல்கூட விழவில்லை. முழு வேகத்தில் வளைவில் திருப்பினாலும் வண்டி தார் ரோட்டில் போவதுபோல் போனது.

தாவும்போது இன்னும் மோசம். நிஜத்தில் வண்டி அந்தரத்தில் இருக்கும்போது திராட்டிலை முறுக்கினால் மூக்கு மேலே தூக்கும், பின் பிரேக்கைத் தொட்டால் கீழே இறங்கும். சுழலும் பின்சக்கரத்தின் வேலை அது. மேட்டின் இறக்கச் சரிவில் இறங்கினால் வேகம் குறையாது. சமதரையில் விழுந்தால் சஸ்பென்ஷன் அடிவரை அமுங்கி ஆளைக் குலுக்கிவிடும். இந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டே இருப்பதில்தான் ஆட்டத்தின் சுகமே இருக்கிறது. அந்தக் கேமில் எங்கே விழுந்தாலும் ஒரே ‘தொம்’, அவ்வளவுதான்.

ஆகவே கடையில் டிரெய்லரைக் காட்டினால் நம்ப வேண்டாம். ரிமோட்டைக் கையில் வாங்கி ரெண்டு மூன்று சுற்று ஓடிப் பாருங்கள். தரையில் தடம் நிற்கிறதா, அந்தரத்தில் திராட்டிலும் பிரேக்கும் வேலை செய்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். பிஎஸ்4-க்கு என்றால் டிஸ்க், இல்லையென்றால் உங்கள் சொந்த அக்கவுன்ட்டில் வாங்குவது. வேறு வழிக்கே போகாதீர்கள். கம்ப்யூட்டர் உள்ளவர்களுக்கு ஸ்டீம் என்ற இணைய கேம் கடை வசதி: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். நிஜத்துக்கு மிக நெருக்கமாக வேண்டும் என்பவர்கள் ‘எம்எக்ஸ் பைக்ஸ்’ என்ற கம்ப்யூட்டர் கேமைப் பாருங்கள். ஆரம்பத்தில் விழுந்துகொண்டேதான் இருப்பீர்கள், ஆனால் விட மனசு வராது.

கடைக்காரர் பணம் தர மறுத்துவிட்டார். பில்லும் கிடையாது. ஜிபே ரசீது கையில் இருப்பதால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே மாதிரி பூட்டு விழுந்தவர்கள் அந்தத் திரையைப் போட்டோ எடுத்து, கடைக்காரர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காமல் வைத்துக்கொண்டு நீங்களும் அழையுங்கள்.